மெழுகு வச்சு அடைச்ச மூடி

இன்னைக்கு எங்க வாசல்ல நடந்ததைக் கேளுங்க.

நெறமாசக்காரி மருமக செல்லத்தைப் புனலூர்ல அவ அம்மா வீட்டுக்கு அனுப்பணும். ரயில்ல யுத்தக் கூட்டம்னு டாக்சி பேசினோம். வந்து நின்னது சுடலைமுத்து கார்.

வந்ததுமே இஞ்சின் முக்கி நின்னுபோச்சு. தீப்பொறியைப் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தான். நானும் குனிஞ்சு பார்த்தேன். மூடியில மயிரிழை விரிசல், உள்ள சாரல் ஈரம். நடுத்தண்டு ஆடுது. அடியில எண்ணெய் கசியுது.

மெழுகுதிரியை உருக்கி விரிசல்ல விட்டான்.

“ஏத்தத்துல இஞ்சின் கொதிச்சா மெழுகு நிக்குமாலே?”

“ஒண்ணுமில்ல ஆச்சி, போயிரலாம். நல்ல நேரம் முடியப்போவுது.”

ஆறு வருஷம் முன்ன, ஆடி ரெண்டாம் செவ்வா, என் மக இசக்கியைப் பிரசவத்துக்குப் புனலூர் ஆஸ்பத்திரிக்கு இதே காருல ஏத்தும்போதும் இதையேதான் சொன்னான். வலது கையில பொத்தான் இல்லாத நீலச் சட்டை போட்டிருந்தான். புளியறை ஏத்தத்துல, சாரல்ல, கார் நின்னுது. காருக்குள்ளயே வலி கண்டு, மாட்டுவண்டி வந்து சேருமுன்ன அவ போயிட்டா.

அவன் மறந்துட்டான்.

மெழுகு உறையட்டும்னு மூடியை வச்சுட்டுக் கை கழுவப் போனான். உள்ள சுத்துத ரோட்டர்த் துண்டை நான் உருவிட்டேன். அது இல்லாம கார் கெளம்பாது. கார் களவு போவாம இருக்க அவனே தினமும் அதைக் கழத்தி மடியில வச்சுக்கிடுவான், தெருவே பார்த்திருக்கு.

“ஆச்சி, ரோட்டரைப் பாத்தியளா?”

“உன் மடியில பாருலே.”

இன்னும் தேடுதான். அது என் சுருக்குப்பையில வெத்தலைக்கு அடியில கெடக்கு. நல்ல நேரம் போயிட்டு. செல்லம் என்னைய மொறைக்கா. சாரல் வலுக்குது.

இலத்தூர்ப் பக்கம் ஒழுங்கான கார் யாருகிட்ட இருக்கு, சொல்லுங்க. இல்லைன்னா புள்ளை இங்கனயே பொறக்கட்டும்.