முன்வரிசையில் துண்டு போட்டவர்

முஹித்தின் அத்தானுக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே வித்தை துண்டு போட்டு இடம் பிடிப்பது. கடற்கரை விடுதிகளில் விடிவதற்கு முன்பே அரைக்கால் சட்டையோடு இறங்கிப் போய், முன்வரிசைச் சாய்நாற்காலிகளில் துண்டுகளை விரித்து, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டிவிட்டு, திரும்ப வந்து தூங்குவார். பிந்தி எழுந்த குடும்பங்கள் முனகிக்கொண்டே பின்வரிசைக்குப் போவதைப் பார்ப்பதுதான் அவருக்கு விடுமுறை. அவர் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கி நான் பார்த்ததில்லை.

அங்காராவில் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவு மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், கடற்கரையில் சோளம் விற்பவன்கூட ‘மேனேஜர் ஐயா’ என்று கூப்பிட்டால்தான் வாங்குவார்.

என் அக்கா பெரிஹான் இந்த மனிதருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் கூச்சலில் நின்றவளுக்குக் கோடையில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: தாட்சா பக்கம், சத்தமில்லாத ஒரு சின்னக் கடற்கரை. கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு ஒருமுறை போயிருந்தாள். பாதாம் மரத்தடியில் மேசை, தர்பூசணி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, கூழாங்கற்களை அலை இழுத்துக்கொண்டு போகும் ஓசை. அதைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

வசந்தம் வந்தால் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சும் வரும். கூட்டமும் கூச்சலுமான கடற்கரை ஊராகப் பார்த்து முடிவெடுத்துவிட்டுத்தான் அத்தான் கேட்பார்.

“மர்மாரிஸா, குஷாடாசியா? நீயே சொல்லு பெரிஹான். உன் இஷ்டம்தான்.”

“தாட்சா.”

“அங்க என்ன இருக்கு? நாலு ஆடும் மூணு கிழவனும். எங்க போனீங்கன்னு யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? சிரிப்பானுங்க.”

“ரிட்டயர் ஆயாச்சு. இனிமே யாரு கேக்கப் போறா?”

“ஏன், சபாஹத்தின் கேக்க மாட்டானா?”

சபாஹத்தின் மேல்மாடிக்காரர். அத்தானைவிட ஒரு படி மேலான பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஆண்டுதோறும் மர்மாரிஸுக்குப் போகிறவர். என் அக்காவின் கோடைகளையெல்லாம் தீர்மானித்தவர் அவர்தான். பாவம், அது அவருக்கே தெரியாது.

பிறகு அக்கா நோயில் விழுந்தாள். மருத்துவர் எங்கள் இருவரையும் வெளியே அழைத்து, அடுத்த கோடையை எதிர்பார்க்க வேண்டாம், எங்கே போக ஆசைப்படுகிறாரோ இப்போதே கூட்டிப் போங்கள் என்றார். அத்தான் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, “தாட்சாதான் மச்சான், சத்தியமா தாட்சாதான்” என்றார். நான் நம்பினேன். அக்கா அலமாரியின் அடியிலிருந்து பழைய வைக்கோல் தொப்பியைத் தேடி எடுத்தாள். அவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று நானும் கூடப் போனேன். கீழ்வீட்டுப் பெண் எங்கள் காருக்குப் பின்னால் தண்ணீர்போல் தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்று வழக்கம்போல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வழியனுப்பினாள்.

மர்மாரிஸுக்குள் நுழையும் முன்பே தாட்சா சாலை வலப்பக்கம் பிரியும்.

“அத்தான், ரைட்ல.”

“தெரியும் மச்சான். அவ எப்படிக் களைச்சுப் போயிருக்கா பாரு. அந்த வளைவு ரோட்டுல குடலே வெளிய வந்துடும். இன்னிக்கு மர்மாரிஸ்ல தங்கிட்டுக் காலைல கிளம்பறோம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க, போயிடலாம்” என்றாள் அக்கா பின்னிருக்கையிலிருந்து.

“ஒரே ஒரு ராத்திரி, கண்ணு.”

விடுதி வரவேற்பில் இருந்த பெண் மலர்ந்த முகத்தோடு, “போன்ல சொன்னபடியே கடல் பார்த்த ரூம், மேனேஜர் ஐயா. லீவு முடியற வரைக்கும் உங்களுக்குத்தான்” என்றாள். அத்தான் சட்டென்று கூரை விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா கையை நீட்டினாள். விருந்தினர் அடையாளமாக அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். கடைசித் துளையில் இறுக்கியும் நிற்காமல் அது முழங்கைவரை ஓடியது.

மறுநாள் முன்வரிசையில் எங்களுக்கு இடம் தயாராக இருந்தது. நேர் மேலே ஒலிபெருக்கி.

“எப்படி நம்ம இடம்? சபாஹத்தின் ரெண்டாவது வரிசை, பாத்தியா?”

“பாத்தேன்.”

“மூஞ்சியப் பாரு, புளிச்சுப் போன தயிர் மாதிரி!”

“அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றீங்களா?”

“கொறைச்சா இருக்கறவங்க எல்லாம் நம்மளத்தான் திட்டுவாங்க. கலகலன்னு இருந்தாத்தான் உனக்கு நோவு மறக்கும்.”

நான் டாக்சி பிடித்து அக்காவைத் தாட்சாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அத்தான் பதறினார். “நல்லாருக்கே! பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிட்டான்னு இங்க எல்லாரும் பேசறதுக்கா?”

அக்கா என் கையைப் பிடித்தாள். “விடுடா. சண்டை போடாத. அதுவும் சத்தம்தான்.”

விடுமுறை முடியும்வரை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். பஞ்சு பாட்டை முழுதாக நிறுத்தவில்லை, அலையோசையைத்தான் நிறுத்தியது.

இலையுதிர்காலத்தில் போய்விட்டாள். நாற்பதாம் நாள் வந்தவர்களுக்கு ரவை அல்வா கொடுத்தபடி அத்தான் சொன்னார்: “அவளுக்குக் கலகலப்புன்னா உசுரு. கடைசி ஆசைய நிறைவேத்திட்டேன். அது போதும் எனக்கு.” சபாஹத்தின் உருக்கமாகத் தலையாட்டினார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்தக் கோடையில் அந்த உத்தமர் தனியாகத் தாட்சாவுக்குப் போனார். போன கையோடு எனக்கு போன்.

“மச்சான், இங்க ஒரு ஈ காக்கா கெடையாது. நல்லவேளை அவளைக் கூட்டிட்டு வரல. போரடிச்சே செத்திருப்பா.”

என்ன சொல்கிறோம் என்ற உணர்வுகூட இல்லை. நான் நம்ப வேண்டுமே என்று ஒரு படமும் அனுப்பினார். காலை வெயில், கூழாங்கல் கரை. கண்ணுக்கு எட்டியவரை ஆளே இல்லை. தண்ணீருக்கு அருகில் இரண்டே இரண்டு சாய்நாற்காலிகள். ஒன்றில் அவருடைய துண்டு. பக்கத்தில் இருந்ததில் அக்காவின் நீலக்கோடு போட்ட துண்டு, நாலு மூலையும் இழுத்து விரித்து, கிளிப் மாட்டி.

அந்த வெற்றுக் கரையில் யார் வந்து அவள் இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்தாரோ.