முதல் பானை உடைசல்

தொண்டை வலிக்கு வாயில் அடக்கிக்கொள்வோமே மருந்து மிட்டாய், அதைச் செய்கிற கம்பெனியில் அவளுக்குப் பாகக்கா என்று பெயர். சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவள், அதனால் பாகக்கா. சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர்கூட யோசித்துத்தான் சொல்வார். கல்யாணமான மறுவருஷமே இங்கே வந்துவிட்டாள். புருஷன் வேன் ஓட்டுகிறான். ஒரே பெண், ஆறு வயசு, வாய் ஓயாது.

பாகு பதத்துக்கு வந்ததும் இரும்பு மேசையில் கொட்டுவார்கள். சூடு கொஞ்சம் அடங்கியதும் மருந்துப் பொடியைத் தூவி, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு மடித்து மடித்துப் பிசைய வேண்டும். அதிகம் ஆறவிட்டால் பாகு இறுகிவிடும், ஒரு மிட்டாயில் மருந்தே இருக்காது, இன்னொன்றில் அள்ளிக் கொட்டியிருக்கும். பிசைந்து முடித்ததும் பாகக்கா ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைப்பாள். நாக்கு மரத்துப்போகிற கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவாள். அதற்கப்புறம்தான் அச்சு மெஷின் ஓடும். எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. யார் மதித்தார்கள்? கெமிஸ்ட் மேடத்தின் சோதனை முடிவு சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் அவள் நாக்குதான் தீர்ப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

அன்றைக்கு வீட்டில் பெண்ணுக்கும் தொண்டை வலி, இவளுக்கும் தொண்டை வலி. காலையில் வந்ததிலிருந்து நேற்றுச் செய்த மிட்டாயில் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வாயில் போட்டிருந்தாள். மத்தியானம் புருஷன் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் கொடுக்க வந்தான். முந்தின நாள் காலித் தூக்கில் முதல் பானை உடைசலை ஒரு பிடி போட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தாள். "பாப்பா கையில குடுங்க, தொண்டைக்கு நல்லது." எல்லாரும் செய்கிறதுதான். அச்சில் உடைந்த துண்டு குப்பைக்குத்தானே போகப்போகிறது!

கடைசிப் பானை மேசைக்கு வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. பொடி எடுத்துக் கொடுக்கிறவள் அவளோடு வேலை பார்க்கிற அவசரம். பெயரே அதுதான், நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பானைக்கு ஒரு டப்பா என்று மேடம் காலையிலேயே நிறுத்து வைப்பார். அவசரம் அலமாரியைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள்.

"அக்கா, டப்பா இல்லக்கா."

"நல்லாப் பாருடி."

"சத்தியமா இல்ல. ஒண்ணு குறையுது."

பாகக்காவுக்குச் சுரீரென்றது. முதல் பானை! காலையில் அவசரம் பொடியைத் தூவிவிட்டு, அடுப்பில் அடுத்த பானை பொங்குகிறதென்று ஓடினாள். போகிற போக்கில் அந்த இரண்டாவது பானைக்கான டப்பாவையும் மேசையோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவள் திரும்பிப் பார்த்தாள், டப்பா நிறையப் பொடி. இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று தூவிப் பிசைந்துவிட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாளே? பார்த்தாள். காலையிலிருந்து மரத்துக் கிடக்கிற நாக்குக்கு என்ன தெரியும்!

முதல் பானைத் துண்டு ஒன்றை எடுத்து அவசரத்தின் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் கோணியது.

"ஐயோ, என் வாயே இல்லாத மாதிரி இருக்குக்கா! துப்பிடறேன்." துப்பிவிட்டு, காதோரம் வந்து குசுகுசுத்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நீ தலையாட்டின, மெஷின் ஓடுச்சு, பெட்டில போயாச்சு. எவனுக்குத் தெரியப்போகுது?"

பாகக்காவுக்குத் தூக்கு ஞாபகம் அப்போதுதான் வந்தது. அளவுக்கு மேல் போனால், அதுவும் குழந்தைக்கு, உதடு நீலம் பாரித்துவிடும், மூச்சு இருந்தும் ரத்தத்தில் காற்று ஏறாது என்று மேடம் ஒரு தரம் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டவள் இவள்.

எல்லார் போனும் சூப்பர்வைசர் மேசையில் பூட்டியிருக்கும். "பாப்பாவுக்குக் காய்ச்சல் சார், ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்று பொய் சொல்லித்தான் வாங்கினாள். புருஷன் எடுக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். கைக்குழந்தைக்காரி, இவள் வேலைக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

"தூங்கறாக்கா. எழுப்பினா முனகறா. உதடு ஒரு மாதிரி கருநீலமா இருக்கு, குளிருதோன்னு போர்த்தி விட்டிருக்கேன்."

"அடியே, போர்வையத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு! நான் நேரா அங்க வர்றேன். எதையும் கேக்காத, ஓடு!"

சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பாகக்கா மாடிப்படியில் செருப்பு ஒரு பக்கம் கழல ஏறி, சோதனை அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். வேலை போகும். போகட்டும், நாசமாய்ப் போகட்டும்.

"மேடம், முதல் பானைல மருந்து ரெண்டு தடவை விழுந்துடுச்சு. நான்தான் போட்டேன். அந்த உடைசல என் பொண்ணு தின்னுருக்கா."

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போனை எடுத்து, "வண்டில ஏத்தின முதல் பானைப் பெட்டி ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது, இறக்குங்க" என்றார். அடுத்த போன் ஆஸ்பத்திரிக்கு. மருந்தின் பெயர், அளவு, குழந்தையின் வயசு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

வழியெல்லாம் பாகக்கா மேடத்தின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் "போங்க மேடம், போங்க" என்று அரற்றினாள். தொண்டைக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தனுப்பியது எது? இந்தப் பாழாய்ப்போன வாய்தானே!

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவின் மூக்கில் காற்றுக்குழாய் இருந்தது. டாக்டர் அடர்நீல மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நீலத்துக்கு நீலமா என்று பாகக்கா பதறினாள். அதுதான் மாற்று மருந்து என்று மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்ல மெல்ல, சாம்பல் பூத்த மாதிரி இருந்த உதட்டில் ரத்தம் ஊறியது. பாப்பா கண்ணைத் திறந்தாள். பாகக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண் தூங்குகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து முதுகைத் தடவினாள். "அழாதீங்கக்கா. என்ன காத்தோ கருப்போ, பொழச்சுட்டாள்ல."

பாப்பா குழறிக் குழறிப் பேசினாள். "அம்மா... தம்பி அழுதான். அவனுக்கும் ஒண்ணு குடுத்தேன்."

பாகக்கா அந்தத் தோளிலிருந்து பையனை அப்படியே பிடுங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னத்தைத் தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பையன் கண்ணை இறுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து, ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். நாக்கும் ஈறும் செக்கச்செவேலென்று இருந்தன.

"என்னக்கா நீங்க, இப்பத்தானே தூங்க வெச்சேன்!"

டாக்டர் ஓடிவந்து விரலில் கருவி மாட்டிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றுமில்லை, வாயில் வைத்ததும் துப்பியிருப்பான் என்றார். அதன் பிறகு பாகக்கா டப்பாவிலிருந்து தூக்கு வரைக்கும் ஒன்று விடாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். முழுசும் கேட்டுவிட்டு அவள் பையனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, எதிர்ச் சுவரோரத்துப் பெஞ்சுக்குப் போய், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தி ஏம்மா அங்க போய்ட்டாங்க? கூப்பிடும்மா" என்றாள் பாப்பா. பாகக்கா கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்?