அம்மாவின் லாம்பும் அண்ணையின் மலையும்

ஈரக் கடல்மண்ணுக்கு ஒரு மணம் உண்டு. அழுகிய சாதாளைக் கடற்பாசியும் உப்பும் கலந்த அந்த வாடை விரலில் ஏறினால் சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. குருநகர்க் கரையிலிருந்து வாளியில் அள்ளிவந்த அந்த மண்ணைக் குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய கதவுப் பலகையில் கொட்டி, எட்டாம் வகுப்புப் படித்த நான் கனடாவின் மேற்குக் கரை மாகாணத்தைச் செய்துகொண்டிருந்தேன். செய்து காட்டச் சொன்னது அம்மா.

அண்ணை அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தார். ஏஜென்சிக்காரன் எந்தெந்த நாடெல்லாம் இழுத்தடித்தானோ, கடைசியில் அண்ணைக்குத் தெரிந்த கடல்தொழிலே அங்கும் கிடைத்தது. கொமினிக்கேஷன் கடைக்கு டெலிபோன் எடுத்துப் பேசியபோது, இங்கே மலை கடலுக்குள் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னார். அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காததில் அதிசயமும் இல்லை. எங்கள் குடாநாட்டில் கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் கேணி இருக்கும், மலையைக் காணக் கிடைக்காது.

எங்கள் ஆட்கள் கடலில் நின்று கரை பிடிப்பது மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்து. அப்பா ஒருமுறை மழைமூட்டத்தில் கோபுரம் தெரியாமல் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கி, மறுநாள் மத்தியானம் வீடு வந்தார். அன்றிலிருந்து கோபுரம் மங்கினால் போதும், அம்மா வளவுத் தென்னையில் ‘அரிக்கன் லாம்பை’ ஏற்றிக் கட்டிவிடுவா. கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் அந்த ஒற்றை வெளிச்சம் கடலில் நன்றாகத் தெரியும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அப்பா நெஞ்சுவலியில் போனபின் அண்ணைக்காகக் கட்டினா. அண்ணை கனடா போனபின்னும் விடவில்லை, மானம் வெளித்துக் கோபுரம் தெரிந்தாலும் கட்டினா. உவள் கனடாவுக்கு லைட் அடிக்கிறாள் என்று முன்வீட்டுக்காரி சிரித்தாள். எனக்கு அவளில் வந்த கோபத்தைவிட அம்மாவில் வந்த வெட்கம்தான் கூட.

மலையைப் பிடித்து முடித்து, ஈர்க்கு முறித்துக் காடு நட்டேன். பாடப்புத்தகத்தில் இருந்ததையெல்லாம் வாத்தியார் தோரணையில் ஒப்பித்தேன்: மரம் அரியும் ஆலைகள், செம்புச் சுரங்கங்கள், கடலிலிருந்து ஆற்றில் ஏறிப் போய் முட்டையிடுகிற சால்மன் மீன். ஆற்றையே கண்டிராத அம்மா, மீன் மலையேறுமோ, உது என்ன மண்ணாங்கட்டிக் கதை என்று விழுந்து விழுந்து சிரித்தா. அப்பா போனபின் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மலையடியில் ஒரு தீக்குச்சியைக் குத்தி, இதுதான் எங்கள் கோயில் கோபுரம் என்றேன். அம்மா குச்சியையும் மலையுச்சியையும் மாறி மாறிப் பார்த்தா.

“இவ்வளவு பெரிசோ? அப்ப என்ரை பிள்ளை கரை தப்பமாட்டான், என்ன?”

“ஓம் அம்மா. எங்கை நிண்டாலும் தெரியும்.”

“வயித்திலை பால் வார்த்தாய் பிள்ளை.”

அன்று பின்னேரம் லாம்பை இறக்கிக் கண்ணாடியைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தா. நிம்மதியாகப் படுத்தா.

அடுத்த மாரியில் அண்ணையோடு வேலை செய்த பெடியன் ஒருவன் அழைத்தான். பெரிய கப்பலிலிருந்து சின்ன வள்ளத்தில் கரைக்குத் திரும்பும்போது பனி மூடிவிட்டதாம். முன்னால் நின்ற மலை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். வள்ளம் பாறையில் அடித்து உடைந்தது. அண்ணையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அயல் முழுக்க எங்கள் வளவில் கூடி ஒப்பாரி வைத்தது. நான் தரையில் கிடந்து குழறி அழுதேன். அம்மா மட்டும் என் தலையைத் தடவிக்கொண்டு கேட்டா:

“ஏன் பிள்ளை, அந்த மலையிலை ஒரு லாம்பு கட்ட ஆளில்லையோ?”

பிறகு எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழே கிடந்ததை எடுத்து, எண்ணெய் விட்டு, தென்னையில் ஏற்றினா. அன்று கோபுரம் பளிச்சென்று தெரிந்தது.

இப்போது அந்தத் தென்னை இல்லை. கரையோர வீதி விடியும்வரை வெளிச்சமாய்க் கிடக்கிறது. கோபுரத்தைவிட உயரமாய் டெலிபோன் டவர்கள் நிற்கின்றன. பெடியள் கைபேசியில் வழி பார்த்துக் கரைக்கு வருகிறார்கள். அம்மாவின் லாம்புக்குத் திரி தேடிச் சுன்னாகம் வரை அலைந்திருக்கிறேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா. தான் அந்த லாம்பை இறக்கியிருக்கக் கூடாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தா. அது உங்கடை பிழை இல்லை என்று நானும் கடைசிவரை சொன்னேன், அவ கேட்டால்தானே.

மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். அந்த மாகாணம் வரும் நாளில் மலை, காடு, சுரங்கம், மீன் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். புத்தகத்தில் இல்லாத பனிமூட்டத்தையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் தென்னையில் கட்டிய லாம்பின் வெளிச்சம் மண்டைதீவைக்கூடத் தாண்டியிராது என்பது படிப்பிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து தனியே இருக்கையில், அம்மா அதை இறக்காமல் விட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.