தேன் பெட்டிக்குள் ஒரு பரிசோதகர்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். தேனீ வளர்க்கும் ஆசையில் தேனீக்களோடு ஒரு பெட்டியையும், புதியவர்களுக்கான கையேடுகள் மூன்றையும் வாங்கிவந்து படித்தார். மூன்றும் ஒன்றையே சொன்னதால், எழுதியவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினார்.

‘பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள்’ என்ற வரியில் அவருக்கு மூக்கு வியர்த்தது.

“திறக்காதேன்னா உள்ள ஏதோ நடக்குதுன்னுதானே அர்த்தம்?” என்றார் மனைவியிடம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் முகவலை மாட்டி, புகை போட்டு, தேனடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். காலில் மகரந்தம் ஒட்டாமல் திரும்பும் தேனீயைக் கண்டால், “ஊர் சுத்திட்டு வருது பாரு” என்று முறைத்தார்.

ஒரு நாள் பெட்டி காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரர்தான் தேனீக்களை ஆசைகாட்டி இழுத்துவிட்டார் என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அங்கே துணிதான் காய்ந்துகொண்டிருந்தது.

“அவரை ஏன் பாக்குறீங்க?” என்றாள் பின்னால் நின்ற மனைவி. “கடைக்குப் போயிட்டு வந்தா எங்கிட்டயே பையைக் கொட்டிக் காட்டச் சொல்ற ஆளு நீங்க. நான் இருந்துட்டேன். அதுங்களுக்கு றெக்கை இருந்துச்சு.”