செருப்போடு விட்ட கல்கண்டு

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும், உடனே தித்திப்பு ஏதாவது வாயில் போட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் வெளியே கிளம்பினால் என் தோல் கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருக்கும். கல்கண்டு, கட்டுத்துணி, ஊக்கு, எங்கள் கைலாசபுரம் விலாசம் எழுதிய சீட்டு எல்லாம் அதில் உண்டு. அந்த டப்பாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

போன ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனோம். காலையில் ஊசிக்குப் பிறகு, விரத நாள் என்று அவர் பேருக்குக் கொஞ்சம் உப்புமா சாப்பிட்டிருந்தார். தோல் பொருளை நான் கோயிலுக்குள் கொண்டுபோவதில்லை. செருப்போடு கைப்பையையும் வாசலில் தெரிந்த பூக்காரியிடம் விட்டேன். டப்பாவை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வரிசை நகரவே இல்லை. திடீரென்று அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. வெளியே போக வழியில்லை.

"யாராவது தித்திப்பா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஏகாதசிங்க, எல்லாரும் பட்டினி" என்றார் முன்னால் நின்றவர்.

பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "குழந்தைக்கு ஏதுங்க ஏகாதசி? இந்தாங்க வெல்லம், அவர் வாயிலே போடுங்க."

சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "ஏன் அழறே? வரிசை நகருது பாரு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது டப்பாவில் இருந்ததெல்லாம் துணிச் சுருக்குப்பையில், என் இடுப்பில். அவர் வேட்டி மடியிலும் கல்கண்டுப் பொட்டலம் ஒன்று. சுருக்குப்பையில் கூடவே ஒரு துண்டு வெல்லம் வைத்திருக்கிறேன். அது அவருக்கல்ல, கூட்டத்தில் யாராவது கேட்டால் கொடுக்க.