மாட்டின் இடுப்பளவு

பழங்காலச் சீனாவின் சின் நாட்டில் அரசாங்க மாடு மேய்த்தே வாழ்ந்தவன் குவாய். பருவந்தோறும் மாட்டின் இடுப்பைக் கயிற்றால் அளப்பார்கள். இளைத்திருந்தால் மேய்ப்பவனுக்குப் பிரம்படி. பொய்யாக அளந்தவனுக்கு ஆயுள் முழுக்கக் கோட்டைச் சுவரில் மண் சுமக்கும் வேலை.

அந்த வசந்தத்தில் மாடு நோயில் இளைத்திருந்தது. அளக்க வந்தவன் குவாயின் அண்ணன் ஷெங். பின்னால் அதிகாரி நின்றார்.

ஷெங் கயிற்றைத் தளர்வாகச் சுற்றினான்.

"பழைய அளவுதான் ஐயா."

"அப்புறம் ஏன்யா கயிறு தொங்குது?"

ஷெங்கின் முகம் வெளிறியது. குவாய் சத்தமாகச் சிரித்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே அண்ணனுக்கு மாடுன்னா பயம்ங்க. நல்லா இறுக்கிப் பிடிண்ணே, முட்டாது!"

ஷெங் இறுக்கினான். அளவு இரண்டு விரல் குறைந்தது.

அதிகாரி பிரம்பை ஷெங்கிடமே நீட்டினார். குவாய் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.

"இதையும் தளர்த்திடாதேண்ணே," என்றான் மெதுவாக.