நான் சொன்ன ‘இல்லண்ணே’

கடலூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு, டைப் செய்து அனுப்பவேண்டும். குழந்தை பிறந்தபிறகு சிதம்பரத்திலிருந்து தினமும் போய்வர முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கேட்டேன், கிடைத்தது.

அந்த ஏற்பாடு எனக்காக வந்ததில்லை. எங்களோடு வேலை செய்த, கிள்ளை என்ற ஊரிலிருந்து வந்த அக்காவுக்குப் போலியோவால் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. இரண்டு பஸ் மாறி வர அவரால் முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அண்ணன்தான் முதலாளியிடம் பலமுறை பேசி அவருக்கு அதை வாங்கித் தந்திருந்தார். அந்த வழியில் நானும் நுழைந்துகொண்டேன்.

அண்ணனே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்.

“இது ஆபீஸோட நேரா பேசுற மெஷின்மா. வேற யாரையும் உக்கார வெக்காதீங்க. பென் டிரைவ் மட்டும் போடவே கூடாது. அந்த ஓட்டைய அடைச்சிடலாம்னா கீபோர்டையும் அதுலதான் மாட்டணும். உங்கள நம்பி உட்டுட்டுப் போறேன்.”

அது 2012. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அனுப்பவேண்டிய நேரம் நெருங்க நெருங்க எனக்குப் பதறும். கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெனரேட்டர் இருந்தது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கரண்ட் இருக்கும்போதே பென் டிரைவில் போட்டுவைத்த பதிவுகளை எடுத்துக்கொண்டு அங்கே போய் டைப் செய்தேன். கரண்ட் வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி அனுப்பினேன். மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. நான்காம் முறை அனுப்பிய மறுநாள் ஏதோ வைரஸ் புகுந்து ஆபீஸில் எந்த ஃபைலும் திறக்கவில்லை. என் கம்ப்யூட்டரிலும் அதே கதி.

அண்ணன் போன் செய்தார். “பென் டிரைவ் எதுனா போட்டீங்களாம்மா?”

“இல்லண்ணே.”

யோசிக்கவே இல்லை. கேட்ட கையோடு வாயிலிருந்து வந்துவிட்டது.

“சரிம்மா. கிள்ளைக்கும் போன் பண்ணிக் கேட்டுப் பாக்குறேன்.”

அக்காவும் இல்லை என்றுதான் சொன்னார். அது உண்மை. ஆனால் அவர் வீட்டில் அவருடைய கூடப்பிறந்த அண்ணனின் மகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிள்ளைகள் எதையோ செருகியிருக்கும் என்று முதலாளி முடிவு கட்டினார். எல்லாவற்றையும் சரிசெய்ய நான்கு நாளாயிற்று. இனி வீட்டிலிருந்து யாருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். நான் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். அக்காவால் முடியவில்லை, வேலையை விட்டார். “பாவம், அவங்க நல்லா டைப் பண்ணுவாங்க,” என்று ஆபீஸில் பேசிக்கொண்டபோது நானும் “ஆமா” என்றேன்.

ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் டீ குடிக்கும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் கடை?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே என்னோடு சிதம்பரம் வந்தார். நான் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் நோயாளிகளின் அறிக்கைகள் அப்படியே கிடந்தன. பெயர், வயது, வியாதி எல்லாம். பக்கத்தில் ஒருவர் ஏதோ ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொன்றாக அழித்தார்.

“பென் டிரைவ் போட்டது தப்புதான். அத மன்னிக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க மெஷின மட்டும் கழட்டி வெச்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருப்பேன். நீங்க இல்லன்னதாலதான் நாலு நாளு எங்கெங்கயோ தேடினேன். இதெல்லாமும் ஒரு மாசமா இங்க கெடந்துச்சு.”

முதலாளியிடம் சொன்னேன். என் வேலை போயிற்று. அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி அண்ணன் மன்றாடினார். வீட்டிலிருந்து வேலை என்றாலே பயம் என்று முதலாளி மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் கிள்ளைக்குப் போனேன். அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையால் சுற்றி ஓட்டுகிற மெஷின். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

“போன் வந்த அன்னிக்கு எங்கண்ணன் புள்ளைங்கள அடிச்சான். கம்ப்யூட்டரத் தொட்டீங்களான்னு கேட்டுக் கேட்டு அடிச்சான். ரெண்டும் இல்ல அத்தை, இல்ல அத்தைன்னு என்னப் பாத்துதான் அழுவுதுங்க. நானும் நம்பல. என் கையாலயும் ரெண்டு வெச்சேன்.”

“அக்கா, புள்ளைங்ககிட்ட நானே சொல்லிடறேனே…”

“வேணாம். அவுங்க ஸ்கூல் உட்டு வர்ற நேரம். நான்தான் சொல்லணும். நீ கெளம்பு.”

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எதிரே பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அதில் அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.